மானுக்குக் காத்திருக்கும் கலை: பும்புன் இரவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தரையில் ஒரு துணிக்கூடாரத்தை மறைவிடமாக அமைத்து, உள்ளே வில்லோடு ஒளிந்திருந்து, மான் இருபது மீட்டருக்குள் வந்ததும் அம்பை விடும் அமெரிக்கக் காணொளிகள் இப்போது பங்சார் இளைஞர்களின் கைப்பேசிகளிலும் ஓடுகின்றன. பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை நம் ஊரில் செய்யலாமா?

அம்பு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யலாம். என் அனுபவத்தில், அந்த மற்ற எல்லாம்தான் கலை. துப்பாக்கி வைத்திருப்பவன் நூறு மீட்டருக்கு அப்பால் நின்றுகூட வேலையை முடித்துவிடுவான். வில் பிடிப்பவன் மானின் மூச்சு கேட்கும் தூரத்துக்குப் போக வேண்டும். அதனால் காற்று, வாசனை, ஓசை, அசைவு நான்கையும் அவன் ஆழமாகப் படித்திருக்கிறான். அவனுடைய பாடங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, வில்லுக்குப் பதிலாக ஒரு தொலைநோக்கியோடு தாமான் நெகாராவில் பும்புன் என்னும் மறைவிடத்தில் ஓர் இரவு உட்காருவது எப்படி என்று சொல்வதே இந்த வழிகாட்டி.

சட்டம் என்ன சொல்கிறது

தீபகற்ப மலேசியாவில் காட்டு விலங்குகளுக்குக் காப்பாக இருப்பது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. உரிமமில்லாத மான் வேட்டைக்கு அபராதமும் சிறையும் உண்டு. 2009 முதல் மிளாவையும் கேளையாட்டையும் வேட்டையாட உரிமம் தருவதை பெர்ஹிலித்தான் என்று நாம் சொல்லும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை நிறுத்திவைத்தது. அந்தத் தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் ஆயுதம் எடுத்துப் போவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் கோடிக்கணக்கில் இருக்கிறது. எந்த மாதம், எத்தனை, ஆணா பெண்ணா என்று மாநில அரசுகள் கணக்குப் போட்டு உரிமம் கொடுக்கின்றன. நம் காடுகளின் நிலை வேறு. கம்பிக் கண்ணிகளும் திருட்டு வேட்டையும் மிளாவைப் பல இடங்களில் துடைத்துவிட்டன. மிளா போன இடத்தில் புலியும் தங்காது. காட்டில் வாழும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று 2022இல் அரசே அறிவித்தது. இந்த நிலையில் ஒரு மானைக் குறி வைப்பது, அதை உண்டு வாழும் புலியின் தட்டில் கை வைப்பதுதான்.

வில்லை விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நுரைப்பொருளில் செய்த மான், பன்றி உருவங்களைக் காட்டுப்பாதையில் நிறுத்தி, தூரத்தைக் கண்ணாலேயே கணித்து அம்பு விடும் முப்பரிமாண வில்வித்தையை உலக வில்வித்தைக் கூட்டமைப்பே போட்டியாக நடத்துகிறது. முதலில் ஒரு பயிற்சிக் களத்தில் அடிப்படை கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம்.

வேட்டைக்காரர் கேட்டு வாங்கிய காடு

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணில் படும் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். அவருடைய சகோதரர் தியடோர் ஹப்பேக் யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிப் பேர் வாங்கியவர். அந்த வேட்டையைப் பற்றி 1905இல் புத்தகமே எழுதினார். அதே மனிதர் பிற்காலத்தில் வேட்டையைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஆட்சியாளர்களோடு மல்லுக்கு நின்றார். மலாயா வனவிலங்கு ஆணையத்துக்காக அவர் தயாரித்த விரிவான அறிக்கை 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்கள் மூவரும் நிலம் ஒதுக்க, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்கா பிறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்குத் தாமான் நெகாரா என்று பெயர் வந்தது. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர்.

நமக்கு வேண்டியது அந்தப் பூங்காவில் நிற்கும் பும்புன்கள். வேட்டைக்காரர்கள் இலை தழையால் கட்டி ஒளிந்திருந்த மறைவிடத்தின் பெயர் அது. இன்று அது மரத்தாலோ கான்கிரீட்டாலோ தூண்களின் மேல் எழுப்பிய சின்ன வீடு. தினைப்புனம் காத்தவர்களின் பரணை நினைத்துக்கொண்டால் போதும். எதிரே ஒரு வெட்டவெளி, அதில் ஓர் உப்புநிலம். ஜெனுட் என்று மலாயில் சொல்லும் அந்தச் சேற்றில் இருக்கும் தாது உப்புகளுக்காக மிளா, காட்டெருது, தாப்பீர் எல்லாம் தேடி வரும். இலை தின்னும் விலங்குக்கு உணவில் கிடைக்கும் சோடியம் போதாது. அந்தக் குறைதான் அதை வெட்டவெளிக்கு இழுத்து வருகிறது.

மூன்று மான்களை அடையாளம் காணுங்கள்

மிளா, மலாயில் ரூசா. பெரியது, ஆண் 200 கிலோவைத் தாண்டும். கரும்பழுப்பு நிறம், முரட்டு மயிர், கொம்பில் பொதுவாகப் பக்கத்துக்கு மூன்று கிளை. பெரும்பாலும் இரவில் நடமாடும். பயந்தால் வண்டி ஹாரனை ஒரே ஒருமுறை அழுத்தியது போன்ற ஒலி எழுப்பி, முன்காலால் தரையைத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் உங்களையோ புலியையோ அது கண்டுகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேளையாடு, மலாயில் கீஜாங். 20 முதல் 30 கிலோ எடை, செம்பழுப்பு நிறம், குட்டைக் கொம்பு. நாயைப் போலக் குரைக்கும். ஆபத்து விலகும்வரை விடாமல் குரைத்துக்கொண்டே இருக்கும். அதிகாலையிலும் மாலை மங்கும் நேரத்திலும் பார்க்க வாய்ப்பு அதிகம். புதியவர்கள் பலர் காட்டுக்குள் யாரோ நாயைக் கொண்டு வந்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள்.

சருகுமான் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். சாங் காஞ்சில் கதை கேட்காமல் இந்த நாட்டில் யாரும் வளரவில்லை. எடை சுமார் இரண்டு கிலோ. கொம்பே கிடையாது, ஆணுக்கு மேல்வாயில் சிறு கோரைப்பல் இருக்கும். உப்புநிலத்தைவிட, நடந்து போகும் பாதையோரச் சருகில்தான் இதைப் பார்ப்பீர்கள். உண்மையான உயரம் எவ்வளவு என்பது மனதில் பதிய, பெர்டானா தாவரவியல் பூங்காவின் மான் பூங்காவுக்கு ஒரு காலை போய் வாருங்கள். பங்சாரிலிருந்து பக்கம்தான்.

பயிற்சி பங்சாரிலேயே தொடங்கட்டும்

அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாதவர் பகாங் வரை போய்ப் பயனில்லை. இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பங்சாரை ஒட்டியிருக்கும் புக்கிட் பெர்செக்குத்துவான் குன்றில் இன்னும் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் பல்லாண்டுகள் அந்தக் குன்றிலிருந்துதான் இயங்கியது. காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காது. நீங்கள் வந்ததில் எல்லாம் பயந்து போயிருக்கும். இருபதாவது நிமிடம் அணில் இறங்கும். அரை மணி கழிந்தால் பறவைகள் உங்களை மறந்துவிடும். அந்த மறதி வரும்வரை காத்திருக்கப் பழகுவதே முதல் பாடம்.

இரண்டாம் பாடத்துக்குக் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கிள்ளான் வாசிகளுக்கு இன்னும் பக்கம். 1987இல் திறந்தது. பறவை பார்க்க மறைவிடங்களும் கோபுரங்களும் அங்கே உண்டு. ஒரு சின்னத் திறப்பின் வழியே பார்த்து, தொலைநோக்கியை மெதுவாக உயர்த்தி, மெதுவாக இறக்கிப் பழகுங்கள். கொக்கு பறக்காமல் நின்றால் கையில் நிதானம் வந்துவிட்டது என்று பொருள்.

எந்த மாதம், எந்த பும்புன்

நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு பொங்கும், பாதை சேறாகும், படகு நிற்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. நிலவு இருக்கும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். இருட்டில் விலங்கு துணிந்து வரும் என்று வாதிடுபவர்கள் உண்டு, ஆனால் புதியவருக்கு விளக்கே இல்லாமல் வெட்டவெளியின் எல்லை தெரிவது பெரிய உதவி.

பங்சாரிலிருந்து காராக் நெடுஞ்சாலை பிடித்து தெமர்லோ வழியாக ஜெராண்டுட் போக மூன்று மணி நேரம் ஆகும். அங்கிருந்து கோலத் தஹானுக்குச் சாலையில் மேலும் ஒன்றரை மணி. கோலத் தெம்பிலிங் படகுத்துறையிலிருந்து ஆற்றில் போவது பழைய வழி; சுமார் 60 கிலோமீட்டர், இரண்டரை மணிக்கு மேல். படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஓடினால் ஒரு தடவையாவது அதில் போங்கள்.

கோலத் தஹானில் பூங்கா அலுவலகத்தில் நுழைவு உரிமமும் கேமரா உரிமமும் எடுக்க வேண்டும். பும்புன்னில் இரவு தங்க முன்பதிவு தேவை. எல்லா பும்புன்களும் எல்லாக் காலத்திலும் தங்கும் நிலையில் இருப்பதில்லை, பழுதானவற்றை மூடிவைப்பார்கள். ஆகவே ஊரிலிருந்தே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

முதல்முறை போகிறவருக்கு பும்புன் தஹான். தங்கும் விடுதிக்கு மிக அருகில், நடந்து சில நிமிடம்தான். காட்டின் ஆழம் அங்கே கிடைக்காது, ஆனால் மிளா வந்து போகும் இடம். மாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உங்களையே சோதித்துக்கொள்ளலாம். அடுத்த நிலையில் தாபிங், பிளாவ், யோங், செகார் அஞ்சிங்; இவை ஒன்றிரண்டு மணி நேர நடையில் இருக்கின்றன. நான் அதிகம் பரிந்துரைப்பது பும்புன் கும்பாங். தலைமையகத்திலிருந்து 11 கிலோமீட்டர். முழுவதும் நடந்தால் ஐந்து மணி நேரம். அல்லது தெம்பிலிங் ஆற்றில் படகேறி கோலத் திரெங்கானில் இறங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. உள்ளே மரக்கட்டில்கள் உண்டு, மின்சாரம் இல்லை. வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யானை நடமாடும் காடு இது.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

தூங்குபை, தலைவிளக்கு, உபரி மின்கலம், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அட்டைக்கடிக்குத் தடித்த துணியில் தைத்த நீளக் காலுறை, மழைச்சட்டை, தொலைநோக்கி. எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் கண்ணாடியும் கொண்ட தொலைநோக்கி மங்கிய வெளிச்சத்துக்கு ஏற்றது. உடைகள் பருத்தியில் இருக்கட்டும். நைலான் சட்டை கையைத் தூக்கும்போதெல்லாம் சரசரக்கும். அந்த ஓசைக்கு மிளாவின் காது திரும்பிவிடும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். மானின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் வேண்டாம், நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டையும் வேண்டாம். பழுப்பு, காவி, மங்கிய பச்சை போதும். இராணுவப் புள்ளிச் சட்டைக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை.

பிஸ்கட்டை வீட்டிலேயே உறையிலிருந்து பிரித்துத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நெகிழி உறையைக் கிழிக்கும் ஓசை இரவில் இடி போலக் கேட்கும்.

வாசனைதான் பெரிய எதிரி

மான் உங்களைப் பார்ப்பதற்கு முன் முகர்ந்துவிடும். வில் வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும்விட இதற்கே அஞ்சுகிறார்கள், நாமும் அஞ்ச வேண்டும்.

மழைக்காட்டுக்குள் காற்றே இல்லை என்று தோன்றும். உண்மையில் மெல்லிய ஓட்டம் எப்போதும் உண்டு. பகலில் சூடேறிய காற்று சரிவில் மேலே ஏறும். மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வழியும். உப்புநிலம் பெரும்பாலும் தாழ்வில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் மிளா வரும் அந்த நேரத்தில்தான் உங்கள் வாசனையும் அதன் பக்கம் இறங்கிப் போகிறது. பும்புன் தூண்மேல் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறோம், முழுவதும் அல்ல. வாசனையில்லாத முகப்பவுடரை ஒரு சிட்டிகை எடுத்துச் சன்னல் அருகே தூவிப் பாருங்கள். தூள் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து விலங்கு வராது. கண்ணை எதிர்ப்பக்கம் வையுங்கள்.

இனி நம் பழக்கங்களுக்கு வருவோம். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தலைக்கு வாசனை எண்ணெய் வேண்டாம். சந்தனம், மல்லிகை, அத்தர், வாசனைச் சவர்க்காரம் எதுவும் வேண்டாம். துணியை வாசனைத் திரவத்தில் அலசாமல் வெறும் வெயிலில் காயவைத்து, தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். பும்புன்னுக்குள் கொசுவத்தி கொளுத்தாதீர்கள். கொசுமருந்தை நடைப்பாதையிலேயே பூசி முடித்துவிட்டு, உள்ளே நீளக்கைச் சட்டையை நம்புங்கள். புகைபிடிப்பவர் அன்று ஓர் இரவு விட்டுவிட வேண்டும், அல்லது வராமல் இருந்துவிட வேண்டும்.

சாப்பாடுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். சம்பல், கருவாடு, கோழிக்கறி எதுவும் கூடாது. நாசி லெமாக் பொட்டலத்தை ஜெராண்டுட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். வெறும் ரொட்டி, பேரீச்சம்பழம், வறுத்த கடலை, தண்ணீர். மிச்சத்தைத் துணிப்பையில் கட்டிக் கயிற்றில் தொங்கவிட வேண்டும், ஏனென்றால் பும்புன்களில் எலி உண்டு. எலி தொட்ட உணவையும் பாத்திரத்தையும் பயன்படுத்தாதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

இன்னொன்று. ஆர்வத்தில் உப்புநிலத்துக்குள் இறங்கிக் கால்தடம் பார்க்காதீர்கள். நீங்கள் மிதித்த சேற்றில் உங்கள் வாசனை அந்த இரவு முழுவதும் நிற்கும்.

உள்ளே உட்காரும் முறை

நான்கு மணிக்குள் போய்ச் சேருங்கள். விலங்கு வந்த பிறகு நீங்கள் நுழைந்தால் அந்த இரவு போனதுதான். வெளிச்சம் இருக்கும்போதே படுக்கையை விரித்து, தண்ணீர், விளக்கு, சட்டை எல்லாவற்றையும் இருட்டில் கைபட்டவுடன் எடுக்கும்படி வையுங்கள். கதவு கிரீச்சிடுகிறதா, எந்தப் பலகை முனகுகிறது என்று மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சன்னலில் முகத்தை ஒட்டவைப்பது எல்லாப் புதியவர்களும் செய்வது. ஓர் அடியாவது பின்னால் தள்ளி உட்காருங்கள். பின்னால் இருட்டு இருந்தால் உங்கள் உருவம் அதில் கரைந்துவிடும். முதுகுக்குப் பின் வேறொரு சன்னல் திறந்திருந்தால் உங்கள் தலை நிழல்போலத் தெரியும், அதை மூடிவிடுங்கள். துணிக்கூடாரத்தில் ஒளியும் வில்வேட்டைக்காரர் ஒரே ஒரு திறப்பை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடைப்பது இதற்காகத்தான்.

பேச வேண்டாம். கிசுகிசுப்பும் வேண்டாம், அதில் வரும் சகர ஒலி வெகுதூரம் போகும். தோளில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிட்டது என்று பொருள், இரண்டு தட்டினால் உன் முறை என்று பொருள். இப்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்கு மேல் ஒரு குழுவாகப் போகவே கூடாது என்பது என் கட்சி.

இரவுக் காவல்

ஆளுக்கு இரண்டு மணி நேரம் முறை போடுங்கள். எல்லோரும் விழித்திருக்கிறோம் என்று தொடங்கினால் பதினொன்றுக்கு எல்லோரும் தூங்கிவிடுவீர்கள்.

காதுதான் முதலில் வேலை செய்யும். சேற்றில் கால் பதிந்து எழும் சப்பென்ற ஓசை, குச்சி முறியும் ஓசை, தண்ணீர் உறிஞ்சும் ஓசை. கேட்டவுடன் விளக்கைப் போடாதீர்கள். விலங்கு உப்புநிலத்துக்குள் வந்து, தலை குனிந்து, தின்னத் தொடங்கும்வரை பொறுங்கள். வாய் நிறைந்த மானுக்குத்தான் தைரியம் அதிகம்.

ஓசை இல்லாத நேரத்திலும் கால் மணிக்கு ஒருமுறை சிவப்பு வடிகட்டி போட்ட விளக்கைத் தரைக்கு மேலாக மெல்லச் சுழற்றுங்கள். நேராக முகத்தில் அடிக்காமல் விளிம்பு ஒளி மட்டும் படட்டும். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண்கள் மின்னும். புல்லுக்குள் சின்னச் சின்னதாக மின்னுபவை சிலந்திகள். முதல் இரவில் அவற்றை நூற்றுக்கணக்கில் பார்த்துத் திகைப்பீர்கள். இடுப்புயரத்தில், இரட்டையாக, நகர்ந்து நகர்ந்து நின்றால் மிளா. கண்ணொளி மங்கலாக இருந்து, கறுப்பு உடலின் நடுவே வெள்ளைப் பட்டை தெரிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அது தாப்பீர்.

இயற்கை அழைப்புக்கு வெளியே போக வேண்டுமென்றால் துணையோடு, வெள்ளை விளக்கோடு போங்கள். பாதுகாப்பு முதலில், மான் அப்புறம். யானை சத்தம் கேட்டால் விடியும்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது.

மூன்று மணிக்கு எல்லோரும் சலித்துப் படுப்பார்கள். அப்போது எழுந்து உட்காருபவர் நீங்களாக இருங்கள். மூன்று முதல் ஆறரை வரை எனக்குப் பிடித்த நேரம். பொழுது விடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இருங்கள். கேளையாடு அப்போதுதான் வெளியே வரும்.

படம் எடுப்பவர்களுக்கு

மின்னல் விளக்கு கூடாது. கேமராவின் பீப் ஒலி, குவிய உதவிக்கு எரியும் சின்ன விளக்கு, பின்திரை வெளிச்சம் மூன்றையும் வீட்டிலேயே அணைத்துவிட்டு வாருங்கள். இரவில் நல்ல படம் கிடைக்காது, விடியலுக்குச் சேமித்துவையுங்கள்.

பூங்காவின் மக்கள்

இந்தக் காட்டில் பாதேக் மக்கள் வாழ்கிறார்கள். பூங்காவில் வேட்டை மற்ற எல்லோருக்கும் தடை. தங்கள் பிழைப்புக்காக வேட்டையாடுவது அவர்களுக்கு மட்டுமே உரியது. ஊதுகுழலில் நஞ்சு தோய்த்த சிற்றம்பு அவர்களுடைய ஆயுதம். பாதேக் மக்களும் அடங்கும் செமாங் குழுக்களிடம் ஒருகாலத்தில் வில்லும் இருந்ததை ஸ்கீட்டும் பிளாக்டனும் 1906இல் வெளிவந்த தங்கள் நூலில் பதிவு செய்தார்கள். வழியில் அவர்களைச் சந்தித்தால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வழிகாட்டியாக ஒருவர் கிடைத்தால், வாயை மூடிக்கொண்டு அவர் எங்கே நிற்கிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

காலையில் செய்ய வேண்டியவை

குப்பையை எல்லாம், மற்றவர் விட்டுப் போனதையும் சேர்த்து, கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்த விலங்கு, நேரம், எண்ணிக்கை, ஆணா பெண்ணா, குட்டி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றாலும் அதை எழுதுங்கள். பல பேர் பல இரவுகளில் எழுதிய வெறுங்குறிப்புகள் சேர்ந்தால் எந்த உப்புநிலம் வெறிச்சோடுகிறது என்பது தெரியவரும்.

பாதையில் கம்பிக் கண்ணி, தோட்டா உறை, ஆள் தங்கிய அடையாளம் கண்டால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அன்றே பெர்ஹிலித்தானிடம் தெரிவியுங்கள். அந்தப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். இடம் வெளியே தெரிந்தால் திருடனுக்குத்தான் வசதி. மெராப்போ பக்கம் சுங்கை யூ காட்டில் புலிப் பாதுகாப்புக்காக இயங்கும் மைகேட் அமைப்பு பொதுமக்களை அழைத்துக் கண்ணி தேடும் நடைகளை நடத்தி வந்திருக்கிறது. பும்புன்னில் அசையாமல் உட்காரக் கற்றவருக்குக் காட்டில் பொருந்தாத ஒரு கம்பி சட்டென்று கண்ணில் படும். அடுத்த நீண்ட வார இறுதிக்கு அங்கே பெயர் கொடுத்துப் பாருங்கள்.